ஒரே பட்டம், வேறு வேலை: புதிய பட்டதாரிகளிடையே ஆண்–பெண் வேறுபாடு

கேள்வி இதுதான்: கல்லூரிகளில் பெண்களின் எண்ணிக்கை பல நாடுகளில் ஆண்களுக்கு இணையாக வந்துவிட்டது, சில நாடுகளில் அதைத் தாண்டியும் விட்டது, மதிப்பெண்களிலும் அவர்கள் பின்தங்கவில்லை. அப்படியிருந்தும், பட்டம் பெற்ற ஓரிரு ஆண்டுகளுக்குள் ஆண்கள் சேரும் வேலைகளும் பெண்கள் சேரும் வேலைகளும் பிரிந்துவிடுவது ஏன்? இது அவரவர் விருப்பமா, பாகுபாடா?

வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அவர்கள் படிக்கும் பாடங்கள் வேறு, அதனால் வேலைகளும் வேறு என்பது. அது பெருமளவு உண்மை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஒரு முக்கியமான பகுதி விடுபட்டுப் போகும். ஒரே பாடத்தில், ஒரே கல்லூரியில், ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணுடன் பட்டம் பெற்றவர்கள்கூட வேறு வேறு வேலைகளில் போய்ச் சேர்கிறார்கள். பாடத் தேர்வைப் பற்றி ஏராளமாகப் பேசப்பட்டிருக்கிறது. பட்டத்திலிருந்து வேலைக்குப் போகும் அந்தச் சில மாதங்களில் என்ன நடக்கிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. என் பார்வையில் கூடுதல் கவனம் பெறவேண்டியது அதுதான்.

முதலில் அளவிடும் முறையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும், ஏனெனில் இந்த விவாதத்தில் எழும் பல குழப்பங்கள் அங்கிருந்தே தொடங்குகின்றன. ஓடிஸ் டட்லி டங்கன், பெவர்லி டங்கன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1955-இல் ஆராய்ந்து நிலைநிறுத்திய வேறுபாட்டுக் குறியீடு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. மொத்த ஆண்களில் எத்தனை விழுக்காட்டினர் ஒரு தொழிலில் இருக்கிறார்கள், மொத்தப் பெண்களில் எத்தனை விழுக்காட்டினர் அதில் இருக்கிறார்கள் என்ற வித்தியாசத்தை ஒவ்வொரு தொழிலுக்கும் கண்டு, அவற்றையெல்லாம் கூட்டி, பாதியாக்க வேண்டும். கற்பனையாக ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 100 ஆண்கள், 100 பெண்கள். மென்பொருள் துறைக்கு 40 ஆண்களும் 20 பெண்களும் போகிறார்கள். ஆசிரியப் பணிக்கு 10 ஆண்களும் 35 பெண்களும். விற்பனைக்கு 30 ஆண்களும் 20 பெண்களும். அலுவலக நிர்வாகத்துக்கு 20 ஆண்களும் 25 பெண்களும். வித்தியாசங்கள் 20, 25, 10, 5. கூட்டினால் 60, பாதி 30. அதாவது இரு பாலரின் பரவலும் ஒன்றாக வேண்டுமென்றால் பெண்களில் (அல்லது ஆண்களில்) 30 விழுக்காட்டினர் வேறு தொழிலுக்கு மாறவேண்டும்.

இதே வகுப்பில் மென்பொருள் என்ற ஒற்றைப் பிரிவை நிரல் எழுதுவோர், சோதனை செய்வோர் என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நிரல் எழுதுவதில் 35 ஆண்களும் 8 பெண்களும், சோதனையில் 5 ஆண்களும் 12 பெண்களும் இருப்பதாகக் கொண்டால், 20 ஆக இருந்த வித்தியாசம் 27-உம் 7-உம் சேர்ந்து 34 ஆகிவிடுகிறது. குறியீடு 30-லிருந்து 37-க்கு ஏறுகிறது. யாரும் வேலை மாறவில்லை, கணக்கெடுத்தவர் பார்த்த நுணுக்கம்தான் மாறியது. ஆகவே யாரேனும் ஒரு நாட்டின் அல்லது ஒரு கல்லூரியின் குறியீட்டைச் சொன்னால், எத்தனை தொழில் பிரிவுகளை வைத்துக் கணக்கிட்டது என்று கேட்காமல் அதை இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. மருத்துவத்தில் இது நன்றாகத் தெரியும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் 2017-இல் பாதியைத் தாண்டினார்கள். மருத்துவர் என்ற ஒரே பிரிவாகப் பார்த்தால் சமநிலை நெருங்கிவிட்டது போலத் தோன்றும். சிறப்புப் பிரிவுகளாகப் பிரித்தால், குழந்தை மருத்துவத்திலும் மகப்பேறு மருத்துவத்திலும் பெண்கள் பெரும்பான்மை, எலும்பு அறுவை மருத்துவத்திலோ பத்தில் ஒருவர்கூட இல்லை.

இனி பாடத் தேர்வு. அமெரிக்காவில் இளங்கலைப் பட்டம் பெறுவோரில் பெண்கள் 1980-களின் தொடக்கத்திலேயே பெரும்பான்மை ஆகிவிட்டனர். ஆனால் அந்தப் பெரும்பான்மை எல்லாப் பாடங்களிலும் சமமாகப் பரவவில்லை. செவிலியர் கல்வி, ஆசிரியர் கல்வி, உளவியல் ஆகியவற்றில் பெண்கள் மிகப் பெரும்பான்மை. பொறியியலில் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒருவர். இதற்குத் திறமை வேறுபாட்டைக் காரணம் காட்டுவோர் உண்டு. அவர்களுக்குக் கணினி அறிவியலின் வரலாறே பதில். 1984 வாக்கில் அமெரிக்காவில் கணினி அறிவியல் இளங்கலைப் பட்டம் பெற்றோரில் 37 விழுக்காட்டினர் பெண்கள். கால் நூற்றாண்டுக்குப் பின் அது 18 விழுக்காட்டுக்கு அருகில் இறங்கியது, அதுவும் மருத்துவம், சட்டம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் பெண்களின் பங்கு ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில். ஒரு தலைமுறைக்குள் மூளையின் இயல்பு மாறிவிடாது. இன்னொரு பக்கம், மலேசியாவில் கணினிப் படிப்புகளில் மாணவியரின் பங்கு நீண்ட காலமாகவே பாதியை ஒட்டி இருக்கிறது. அங்கே அது அறைக்குள் அமர்ந்து செய்யும், பாதுகாப்பான, நல்ல சம்பளம் தரும் வேலையாகப் பார்க்கப்படுகிறது. பாடம் ஒன்றே, அதன்மேல் ஒட்டியிருக்கும் தோற்றம்தான் வேறு.

அந்தத் தோற்றத்தை மாற்ற முடியும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இளங்கலைக் கணினி அறிவியலில் சேரும் மாணவரிடையே பெண்களின் பங்கு 1995-இல் 7 விழுக்காடாக இருந்து 2000-இல் 42 விழுக்காடாக உயர்ந்தது. முன்பே நிரல் எழுதிப் பழகியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைச் சேர்க்கையில் தளர்த்தியது அதில் முக்கியமான படி. ஹார்வி மட் கல்லூரி தன் முதலாண்டுப் பாடத்தைத் திருத்தி அமைத்தபோது, முன்னனுபவம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் தனித்தனி வகுப்புகளில் அமர்த்தியது. வகுப்பில் எல்லாம் தெரிந்தவர்போலப் பேசும் இரண்டு மூன்று பேரின் குரல் மற்றவர்களை மடக்கிவிடும் நிலை அதனால் குறைந்தது. அங்கும் சில ஆண்டுகளில் பெண்களின் பங்கு பத்தில் ஒன்று என்ற நிலையிலிருந்து ஏறத்தாழ பத்தில் நான்குக்கு வந்தது. இவற்றைவிடச் சிறிய தலையீடும் பலித்திருக்கிறது. சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியல் தொடக்க வகுப்புகள் சிலவற்றுக்கு, அங்கே படித்து வேலையில் வெற்றி பெற்ற இரு பெண்கள் வந்து சிறிது நேரம் பேசினார்கள், வேறெதுவும் செய்யப்படவில்லை. அந்த வகுப்புகளின் மாணவியர் பொருளியலை முதன்மைப் பாடமாக எடுக்கும் வாய்ப்பு 8 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. முன்பிருந்த நிலையோடு பார்த்தால் அது ஏறத்தாழ இரட்டிப்பு. மாணவர்களிடம் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை.

ஆனால் பாடத்தைச் சமன்செய்தால் வேலையும் சமன்பட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். 2007–08 கல்வியாண்டில் பட்டம் பெற்ற அமெரிக்கர்களை ஓராண்டு கழித்துப் பார்த்த அரசின் தொடராய்வுத் தரவை வைத்து 2012-இல் ஓர் அறிக்கை வெளியானது. முழுநேர வேலையில் இருந்த பெண்களின் ஊதியம் ஆண்களின் ஊதியத்தில் 82 விழுக்காடு. பாடம், தொழில், துறை, வேலை நேரம் போன்றவற்றையெல்லாம் கணக்கில் எடுத்தபின்னும் ஏறத்தாழ 7 விழுக்காட்டு ஊதிய வேறுபாடு விளக்கப்படாமல் நின்றது. மீதி விளக்கப்பட்டுவிட்டதே என்று நிம்மதி அடைவது சரியல்ல என்பது என் எண்ணம். ‘தொழில் வேறு என்பதால் ஊதியம் வேறு’ என்பது கணக்கியல் நோக்கில் விளக்கம்தான்; தொழில் ஏன் வேறானது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஃபிரான்சின் பிளாவ், லாரன்ஸ் கான் ஆகியோர் 2010-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரவைப் பகுத்தபோதும், தொழிலும் துறையும் சேர்ந்து மொத்த ஊதிய இடைவெளியில் ஏறத்தாழ பாதியைத் தாங்கி நின்றன. கல்வித் தகுதியோ எதையும் விளக்கவில்லை, ஏனெனில் அதில் பெண்களே முன்னிலையில் இருந்தார்கள்.

பட்டத்துக்கும் வேலைக்கும் இடைப்பட்ட காலத்தை அருகிலிருந்து பார்த்த ஓர் ஆய்வு பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் வணிகப் பிரிவு மாணவர்களைப் பற்றியது. இங்கே பாடமும் கல்லூரியும் வேலை தேடும் சந்தையும் ஒன்றே. வேறுபட்டது, அவர்கள் வேலையை ஏற்றுக்கொண்ட நேரம். பெண்கள் குறிப்பிடத்தக்க அளவு முன்னதாகவே வேலையை ஒப்புக்கொண்டுவிட்டார்கள், ஆண்கள் காத்திருந்தார்கள். ஆண்களிடம் இரண்டு இயல்புகள் கூடுதலாக இருந்தன: ஒன்று, இடர் ஏற்கும் துணிச்சல், மற்றொன்று, தமக்குக் கிடைக்கப்போகும் சம்பளத்தைப் பற்றிய மிகையான நம்பிக்கை. தேடல் பருவத்தின் தொடக்கத்தில் அகலமாக இருந்த ஊதிய இடைவெளி பருவம் முடியும்போது சுருங்கியது, ஏனெனில் மிகையாக எதிர்பார்த்துக் காத்திருந்த ஆண்களில் ஒரு பகுதியினர் இறுதியில் குறைந்த சம்பளத்துக்கு இறங்கிவர நேர்ந்தது. பெண்கள் அஞ்சுகிறார்கள், ஆண்கள் துணிகிறார்கள் என்று இதைச் சுருக்கிவிடலாம். ஆனால் ஆண்களின் கணிப்பும் சரியாக இல்லை என்பதைச் சேர்த்தே படிக்கவேண்டும்.

இதில் நிறுவனங்களின் நடைமுறைக்கும் பங்குண்டு. இறுதியாண்டின் முதல் பருவத்திலேயே பணி வாய்ப்புக் கடிதம் கொடுத்து, ஓரிரு வாரங்களுக்குள் கையெழுத்திட்டுத் திருப்ப வேண்டும் என்று கெடு வைக்கும் வழக்கம் பல துறைகளில் உண்டு. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவிக்கு முன்னால் இருக்கும் கணக்கு எளிதானதல்ல. இப்போது உறுதியாகக் கிடைப்பதை விட்டுவிட்டால், நான்கு மாதம் கழித்து இதைவிட நல்லது கிடைக்குமா, அல்லது எதுவுமே கிடைக்காமல் போகுமா? அவளோடு படித்தவர்களுக்கு எவ்வளவு சம்பளம் கிடைத்தது என்பது அவளுக்குத் தெரிந்தால் அந்தக் கணக்கு ஓரளவு தெளிவாகும். தெரியாதபோது, இடரை வெறுப்பவர் முன்னதாகவே கையெழுத்திடுவார். கெடுவை நீட்டுவதும், முந்தைய ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்களின் சம்பள விவரத்தை வெளியிடுவதும் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளால் செய்யக்கூடியவை, அதிகச் செலவும் ஆகாதவை.

சம்பளப் பேரத்திலும் இதே பாங்கு. அமெரிக்காவில் உண்மையான வேலை விளம்பரங்களைக் கொண்டு ஆண்ட்ரியாஸ் லைப்பிராண்ட், ஜான் லிஸ்ட் ஆகியோர் நடத்திய கள ஆய்வில், சம்பளம் பேசித் தீர்மானிக்கலாம் என்று விளம்பரத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தபோது ஆண், பெண் நடத்தையில் இருந்த வேறுபாடு மறைந்தது. எழுதாமல் விட்டபோது ஆண்களே கூடுதலாகப் பேரம் பேசினார்கள். பெண்கள் கேட்கத் தயங்குகிறார்கள் என்று பயிற்சி வகுப்புகள் நடத்துவதைவிட, கேட்கலாம் என்று ஒரு வரி எழுதுவது மலிவானது.

இனி பாகுபாடு. அதை மறுப்பதற்கில்லை, ஆனால் அது எங்கும் ஒரே அளவில் இல்லை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் ஆய்வக மேலாளர் பணிக்கான விண்ணப்பம் ஒன்று கொடுக்கப்பட்டது. விண்ணப்பித்தவர் அண்மையில் பட்டம் பெற்றவர். சிலருக்குக் கிடைத்த தாளில் அவர் பெயர் ஜான், மற்றவர்களுக்கு ஜெனிஃபர். மீதியெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஜானுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 30,238 டாலர் தரலாம் என்றார்கள். ஜெனிஃபருக்கு 26,508 டாலர். ஜான் திறமை மிக்கவராகவும் மதிப்பிடப்பட்டார், பெண் பேராசிரியர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. 2015-இல் வெளியான வேறோர் ஆய்வில், உதவிப் பேராசிரியர் பணிக்கான கற்பனை விண்ணப்பதாரர்களை ஒப்பிட்ட பேராசிரியர்கள் சமத் தகுதியுள்ள பெண்ணை இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் விரும்பினார்கள். முரண்பாடாகத் தோன்றும் இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, திறமை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருக்கும் இடத்தில் பாகுபாடு குறைகிறது, விண்ணப்பத்தில் சொல்ல அதிகம் இல்லாத இடத்தில் அது புகுந்துகொள்கிறது என்பதுதான். புதிய பட்டதாரியின் விண்ணப்பமோ இயல்பிலேயே சொல்ல அதிகம் இல்லாத விண்ணப்பம்.

முதல் வேலையின் சம்பளத்தில் உள்ள வேறுபாடு சிறியதுதானே, அதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று கேட்கலாம். முதல் ஆண்டுச் சம்பளத்தைவிட, அந்தத் தொழிலில் சம்பளம் எந்த வேகத்தில் ஏறும், எந்த நிபந்தனையில் ஏறும் என்பதே முக்கியம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990 முதல் 2006 வரை வணிக மேலாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களை மரியான் பெர்ட்ராண்ட், கிளாடியா கோல்டின், லாரன்ஸ் காட்ஸ் ஆகியோர் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் ஆண், பெண் சம்பளம் ஏறத்தாழ ஒன்றே. பத்தாண்டுக்கு மேலானபோது இடைவெளி மிகப் பெரிதாகிவிட்டது. படிக்கும்போது எடுத்த நிதிப் பாடங்களும் மதிப்பெண்களும், இடையில் வேலையை விட்டிருந்த காலம், வாராந்தர வேலை நேரம் ஆகிய மூன்றும் அந்த இடைவெளியின் பெரும்பகுதியை விளக்கின. குழந்தை பிறந்தபின் இரண்டாவதும் மூன்றாவதும் பெண்களின் பக்கமே சாய்ந்தன. டென்மார்க்கில், பெற்றோர் விடுப்பும் குழந்தைக் காப்பகங்களும் தாராளமாக உள்ள நாட்டில்கூட, முதல் குழந்தைக்குப்பின் பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிட நீண்ட காலத்துக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு தாழ்ந்தே இருக்கிறது.

2023-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற கோல்டின் இங்கே சுட்டிக்காட்டுவது வேலைகளின் அமைப்பை. சில வேலைகளில் வாரம் 60 மணி நேரம் உழைப்பவருக்கு 30 மணி நேரம் உழைப்பவரைப் போல இரு மடங்கல்ல, அதைவிடவும் கூடுதலாகக் கிடைக்கிறது. வாடிக்கையாளர் அழைத்தால் இரவிலும் எடுக்கவேண்டும் என்பதற்கான விலை அது. நிதித்துறையும் பெரிய சட்ட நிறுவனங்களும் இத்தகையவை. இதற்கு மாறாக மருந்தாளர் தொழில். 1960-களில் அமெரிக்க மருந்தாளர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. பெரும்பாலான ஆண்கள் சொந்தமாகக் கடை வைத்திருந்தார்கள், கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் உரிமையாளர் அங்கே இருக்கவேண்டும். பிறகு கடைகள் பெருநிறுவனங்களின் கிளைகளாகவும் மருத்துவமனைப் பிரிவுகளாகவும் மாறின. மருந்துகள் ஒரே தரத்தில் தயாராகி வந்தன. நோயாளியின் மருந்துக் குறிப்பு கணினியில் ஏறியது. காலையில் இருந்தவர் போய் மாலையில் வேறொருவர் வந்தாலும் நோயாளிக்கு வேறுபாடு இல்லை. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நிற்கமுடியும் என்றானபோது, குறைந்த நேரம் உழைப்பவருக்கு மணிக்கணக்குக் கூலி குறையவேண்டிய காரணமும் போயிற்று. இன்று அங்கே மருந்தாளர்களில் பெண்கள் பாதிக்கு மேல். ஊதியம் நல்ல நிலையிலேயே இருக்கிறது, ஆண்–பெண் இடைவெளி மற்ற உயர்தொழில்களைவிடக் குறைவு. கவனிக்கவேண்டியது, இந்த மாற்றத்தை யாரும் பெண்களுக்காகத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது.

எல்லாத் தொழில்களிலும் கதை இவ்வளவு இனிதாக முடியவில்லை. அமெரிக்காவின் 1950 முதல் 2000 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைக் கொண்டு அசஃப் லெவனோன், பவுலா இங்லண்ட், பால் அலிசன் ஆகியோர் செய்த ஆய்வு, ஒரு தொழிலில் பெண்களின் பங்கு உயர்ந்தபின் அத்தொழிலின் ஊதியம் ஒப்பீட்டளவில் தாழ்வதற்கான சான்றுகளைக் கண்டது. பெண்கள் சம்பளம் குறைந்த வேலைகளைத் தேடிப் போகிறார்கள் என்ற எதிர்த்திசை விளக்கத்துக்கு அவர்கள் கண்ட ஆதரவு மிகக் குறைவு. பெண்களைக் கணினிக்கும் பொறியியலுக்கும் ஈர்த்துவிட்டால் ஊதியச் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுவோர் இந்த முடிவைக் கணக்கில் எடுக்கவேண்டும்.

விருப்பமா பாகுபாடா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்களிடம் மேத்யூ விஸ்வால், பாசித் ஜாபர் ஆகியோர் கற்பனை வேலைகளைக் கொடுத்துத் தேர்வு செய்யச் சொன்னபோது, நேர நெகிழ்வும் வேலை உறுதியும் உள்ள பணிக்காகச் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கப் பெண்கள் கூடுதலாக முன்வந்தார்கள். எதிர்காலச் சம்பள உயர்வுக்கு ஆண்கள் கூடுதல் மதிப்புத் தந்தார்கள். ஆக, விருப்பத்தில் வேறுபாடு இருக்கிறது. ஆனால் 21 வயதில் நேர நெகிழ்வைத் தேடும் ஒரு பெண், பத்தாண்டுகளுக்குப்பின் வீட்டுப் பொறுப்பு யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே கணித்துத்தான் தேடுகிறாள். அந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அவள் தேர்ந்தெடுத்தது உண்மை. எவற்றுக்கிடையே தேர்ந்தெடுத்தாள் என்பதை அவள் தீர்மானிக்கவில்லை. ஆகவே இவ்விரு சொற்களில் ஒன்றை மட்டும் விடையாகக் கேட்பது எனக்கு ஏற்புடையதல்ல.

இந்தக் கேள்விக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அது ஏனோ கேட்கப்படுவதில்லை. பெண்கள் ஆண்களின் தொழில்களுக்குள் நுழைந்த அளவுக்கு ஆண்கள் பெண்களின் தொழில்களுக்குள் நுழையவில்லை. அமெரிக்காவில் வேறுபாட்டுக் குறியீடு 1970-களிலும் 80-களிலும் வேகமாகக் குறைந்து பிறகு மந்தமானதற்கு இந்த ஒருவழிப் போக்கும் ஒரு காரணம். நுழைந்த ஆண்களுக்கோ வரவேற்பு மோசமாக இருந்ததில்லை: செவிலியர், தொடக்கப்பள்ளி ஆசிரியர், நூலகர், சமூகப் பணியாளர் ஆகிய தொழில்களில் உள்ள ஆண்களை ஆராய்ந்த கிறிஸ்டின் வில்லியம்ஸ், அவர்கள் மேற்பதவிகளை நோக்கித் தள்ளிவிடப்படுவதை 1992-இலேயே பதிவுசெய்தார். நுழைய அஞ்சுவது ஊதியத்தாலும் கேலியாலும்தான் என்றால், இரண்டில் முதலாவதையாவது சம்பளக் கொள்கையால் திருத்தமுடியும்.

உங்கள் கல்லூரியின் தரவை வைத்தே இதைப் பார்க்க விரும்பினால், இரண்டு எச்சரிக்கைகள். வேலையில் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணும் பட்டியலில், வேலையே தேடாமல் போனவர்களும் தேடிக் கிடைக்காமல் நின்றவர்களும் தெரியமாட்டார்கள். அவர்களில் ஒரு பாலினத்தவர் கூடுதலாக இருந்தால், மீதமிருப்போரின் சமநிலை பொய்யான சமநிலை. எனவே பட்டம் பெற்ற அனைவரையும் அடிப்படையாக வையுங்கள். இரண்டாவதாக, நிறுவனத்தின் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளாமல் பதவியின் பெயரையும் குறியுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் யார் நிரல் எழுதப் போனார்கள், யார் சோதனைக்குப் போனார்கள் என்பது நிறுவனத்தின் பெயரிலிருந்து தெரியவராது.